பேசினில் படிந்த தங்கம்

ஓப்பநாயக்க
2025 மார்ச் 4

மஸீஹா,

அனுப்புபவர் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமல் போட்டுவிடுவாயோ என்று, உறையின் பின்னால் ஊர் பெயரை மட்டும் எழுதினேன். கையெழுத்தை என்ன செய்வது? இரண்டரை வருடம் என் நோட்டைப் பார்த்து எழுதியவள் நீ.

உன் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. புது நம்பரை யாரிடமாவது கேட்க வெட்கமாக இருந்தது. ருவான்வெல்லை வீட்டு முகவரி மட்டும் மனப்பாடம். உம்மா எப்படியும் உன்னிடம் சேர்ப்பார் என்று நம்பி அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்டு இரண்டு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இது ஓர் உதவி கேட்டு எழுதுவது. நாலு வருடம் கழித்து உதவிக்குத்தான் ஞாபகம் வந்ததா என்பாய். ஞாபகம் இல்லாமல் இல்லை, மஸீ. துணிவுதான் இல்லை. இப்போது வந்திருப்பதும் பயத்தில் வந்த துணிவு.

எனக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள். நிலுஷா என்று பெயர். அவர், உதயராஜ், தோட்டத்து வேலையை விட்டுவிட்டார். தை மாதம் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே, ஓடைக்கரையில், சாலி நானாவின் லைசன்ஸில் ஒரு மாணிக்கக் குழி திறந்தார்கள். இவரோடு சேர்த்து ஐந்து பேர் இறங்குகிறார்கள்.

பெண்கள் குழிப் பக்கம் போகக் கூடாது. போனால் கல் மறைந்துவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை. அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் இறங்க மாட்டார்கள். மறுபடி பூசை போட்டால்தான் வேலை. பாறையியல் படிக்கச் சுத்தியலும் கையுமாக உன்னோடு மலை மலையாக ஏறிய நான், வீட்டு வாசலிலிருந்து தெரிகிற அந்தக் குழியை இன்னும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு வருவது அவருடைய அழுக்குத் துணி மட்டும்தான்.

குழி திறந்த வாரம் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை ஊற வைத்து அலசினேன். துணி அலசிய பேசினின் அடியில் மணல் படிந்திருந்தது. ஊற்ற மனம் வரவில்லை. ஒரு பழைய தட்டில் எடுத்துச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினேன். பழக்கதோஷம். கறுப்பு மணலுக்கு நடுவில் மஞ்சளாக ஒரு துணுக்கு, கடுகில் கால்வாசி. ஊசியின் பின்பக்கத்தால் அழுத்திப் பார்த்தேன். மைக்கா என்றால் உதிரும். பைரைட் என்றால் நொறுங்கும். இது நசுங்கியது.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் வந்ததும் சொன்னேன்: "தங்கம் சும்மா ஓடையில வந்து கெடக்காதுங்க. மேல எங்கயாவது வெள்ளக்கல்லு நரம்பு இருக்கும். அதுல இருந்துதான் கீழ இறங்கும்."

பாடப் புத்தகத்தில் படித்ததைத்தான் சொன்னேன். எங்கள் லயத்துக்கு மேலே, ரோட்டுக்கு மண் வெட்டிய இடத்தில், கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக்கல், குவார்ட்ஸ், பட்டை ஓடுகிறது. அது எல்லோருக்கும் தெரியும். இப்போது ஐந்து பேரும் மாணிக்கம் கிடைக்கிற கல்மண் அள்ளுவதை விட்டுவிட்டு, குழியின் அடியிலிருந்து மலையைப் பார்த்துப் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டுகிறார்கள். அந்த மலைச் சரிவில்தான் எங்கள் லயம் நிற்கிறது. பன்னிரண்டு வீடு.

வைகாசி மழைக்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்த மலையில் தங்கம் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் அவர்களை நிறுத்த வேண்டும். என் ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஐந்து ஆம்பிளைகள் மண்ணுக்குள்ளே போய் வருகிறார்கள்.

நீ ஆய்வுகூடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். துணுக்கை ஒரு அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. ஆனால் எழுது.

தனுஷிகா


கண்டி
2025 மார்ச் 13

தனுஷிகாவுக்கு,

உன் கடிதம் ருவான்வெல்லைக்குப் போய், அங்கிருந்து உம்மாவின் கைப்பையில், நோன்புக் கஞ்சிக்கு இடித்த மாவோடு கண்டிக்கு வந்தது. உறையைத் திறந்தால் இஞ்சி வாசம். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "யாரு மகள், தனுவா? புள்ள கெடச்சிருக்காமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் அழாமல் படிக்க வேண்டியிருந்தது.

திட்டச் சொன்னாய். சரி.

வாப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "தனுஷிகாவும் வாறதெண்டா மலைக்குப் போங்க. தனியா ஏலாது." நான்காம் வருடம் நாம் இருவரும் பதுளைப் பக்கம் பாறை வரைபடம் போடுவதாக இருந்தது. நீ படிப்பை விட்டுப் போனாய். வாப்பா 'ஏலாது' என்றார். என்னை ஆய்வுகூடத்தில் போட்டார்கள். இன்றைக்கும் மற்றவர்கள் வெயிலில் உடைத்துக் கொண்டுவரும் கல்லை நான் ஏசி அறையில் பொடியாக்கிக் கொண்டிருக்கிறேன். இதுவும் பெரிதில்லை. கல்யாண அழைப்பிதழை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையில் தந்திருந்தால் ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன். முடிந்திருக்கும்.

இப்போது உன் கேள்வி.

துணுக்கை இன்னும் சோதிக்கவில்லை. மெஷினுக்கு வரிசை இருக்கிறது. ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் நஸீம் சேரிடம் கேட்டிருக்கிறேன், பெருநாளுக்குப் பிறகு என்கிறார். ஆனால் துணுக்கு என்னவாக இருந்தாலும் அந்த மலைக்குள் தங்க நரம்பு இருக்க நியாயமில்லை. மெஷின் இல்லாமலே சொல்வேன். நீயும் சொல்லியிருப்பாய், நான்காம் வருடம் இருந்திருந்தால். (இது கடைசிக் குத்து. இனி இல்லை.)

நீ படித்ததில் பாதி சரி. தங்கம் வெள்ளைக்கல் நரம்பில்தான் வரும். ஆனால் அந்த நரம்புக்குள் அதைக் கொண்டுவந்து வைப்பது யார்? பூமியின் ஓடு பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து நகர்கிறது என்று முதலாம் வருடமே படித்தோம். கடலுக்கு அடியில் இருக்கும் தட்டு, நிலத்தட்டின் கீழே சரியும்போது ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஆழத்தில் சூடு அந்த ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அந்தச் சுடுநீரில் கந்தகம் இருக்கும். கந்தகம் இருந்தால் தங்கம் கரையும். கரைந்த தங்கத்தோடு நீர் மேலே ஏறப் பார்க்கும், வழி இருக்காது. அப்போது தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கி, ஒரு நாள் பாறை வெடிக்கிறது. நிலம் ஆடுகிறது. உன் அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கரின் மூடியைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். அழுத்தம் விழுந்ததும் நீர் ஒரே நொடியில் ஆவியாகிறது. சுமந்து வந்த தங்கத்தையும் வெள்ளைக்கல்லையும் அந்த வெடிப்பிலேயே போட்டுவிட்டு ஓடுகிறது. அடுத்த நடுக்கத்தில் இன்னொரு பூச்சு. ஆயிரக்கணக்கான நடுக்கங்கள், ஒரு நரம்பு.

இதெல்லாம் நடப்பது பெரும்பாலும் மேல் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள். இதைத்தான் நீ மறந்துவிட்டாய்.

நம் நாட்டிலும் தட்டுகள் மோதின. ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன்னால், மடகஸ்கார் ஒரு பக்கம், அந்தாட்டிக்கா ஒரு பக்கம், நாம் நடுவில். இமயமலை போல ஒரு மலை எழுந்திருக்கும். அதில் தங்கம் இருந்திருந்தால் மேல் மாடியில் இருந்திருக்கும். நாம் இருந்ததோ அந்த மலையின் அஸ்திவாரத்தில், இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே இருந்த நீரையெல்லாம் சூடு மேலே விரட்டிவிட்டது. நீர் போனால் தங்கமும் அதோடு போகும். வறண்ட சூட்டில் வெந்து மிஞ்சியவைதான் உங்கள் ஊர் நீலக்கல்லும் செந்தாமரைக்கல்லும். பிறகு கோடி கோடி வருட மழை மேல் மாடிகளைக் கரைத்துக் கடலில் சேர்த்துவிட்டது. அஸ்திவாரம்தான் இப்போது வெயில் காய்கிறது. உன் லயம் அதன் மேல் இருக்கிறது. ரோட்டோரத்து வெள்ளைக்கல் வெறும் வெள்ளைக்கல்.

இலங்கையில் தூசளவு தங்கம்கூட இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுரங்கம் வெட்டித் தேடும் தங்கம் உன் மலையில் இல்லை. நிறுத்தச் சொல். இன்றைக்கே.

மஸீஹா

பி.கு.: குழந்தையின் படம் ஒன்று அனுப்பு. உம்மா கேட்கிறார்.


ஓப்பநாயக்க
2025 மார்ச் 20

மஸீ,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை திட்டுக்காக, இரண்டாவது பாறைக்காக, மூன்றாவது பி.கு.வுக்காக.

அழைப்பிதழ் விஷயம். என்னைக் கட்டாயக் கல்யாணம் செய்து வைத்தார்கள் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். நானும் அப்படியே நினைக்க விட்டேன். உண்மை அதுவல்ல. விடுமுறையில் வந்தபோது எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மாப்பிள்ளை பார்த்ததும் நானே, நாள் குறிக்கச் சொன்னதும் நானே. நாம் இரண்டு பேரும் எவ்வளவு பேசியிருந்தோம், டாக்டர் பட்டம் வரை! அந்த உன்னிடம் வந்து, பாறையை விட எனக்கு ஒரு பையனைப் பிடித்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? தலையணைதான் கிடைத்தது.

நீ 'இன்றைக்கே' என்று எழுதியிருக்கிறாய். இன்றோடு கடிதம் கிடைத்து மூன்று நாள். நான் இன்னும் சொல்லவில்லை.

ஏன் என்று கேள். இந்த லயத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன ஒரே ஆள் நான். போய்ப் பாதியில் திரும்பி வந்த ஆளும் நான்தான். பைப்படியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "படிச்சு என்னத்த கிழிச்ச, நாங்களும் துணிதான் தொவைக்கிறோம்" என்பார் பக்கத்து வீட்டு கிருஷ்ணகுமாரி அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தத் துணுக்குக்குப் பிறகு அதே அக்கா, "இன்ஜினியர் நோனா மொதல்ல புடிக்கட்டும்" என்று, துரை வீட்டு அம்மாவுக்கு விடுவது போல, குடத்தை நகர்த்தி இடம் விடுகிறார். சிறுபிள்ளைத்தனம் என்று தெரிகிறது. ஆனாலும் அந்த நகர்த்தின குடத்துக்காகத்தான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இதை உன்னைத் தவிர யாரிடம் எழுத முடியும்?

இன்னொன்று. பிள்ளை பிறந்த பிறகு நான் சரியாக இல்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆனால் தூக்கினால் வேறு யாருடைய பிள்ளையையோ தூக்கியது போல இருக்கும். அந்தத் துணுக்கைத் தட்டில் பார்த்த அன்று எனக்குள் ஏதோ திரும்பி வந்தது. அதைப் 'பிழை' என்று சொல்லிவிட்டால் வந்தது திரும்பப் போய்விடுமோ?

நேற்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"என்னங்க, அந்த மலைக்குள்ள ஒண்ணும் இல்லாட்டி என்ன செய்வீங்க?"

"ஒனக்கு ஏன் திடீர்னு சந்தேகம்? நீதான சொன்ன?"

"படிச்சத வச்சுச் சொன்னேன். தப்பாவும் இருக்கலாம்."

"நீ தப்பா சொல்ல மாட்ட," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சுரங்கம் முப்பது அடி போய்விட்டதாம். ரப்பர் மரக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேலே இருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருக்கிறது. அவருடைய சட்டையின் தோள் இப்போது தினமும் நனைந்து வருகிறது. பின்னேரத்தில் இடியோடு மழை. மண்சரிவு எச்சரிக்கையில் ரேடியோவில் மாவட்டத்தின் பெயர் வரும்போதெல்லாம் கை வேலையை நிறுத்திவிடுகிறேன். மழை வரும் சமயத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ஐந்து தலையும் மேலே வருகிறதா என்று எண்ணுகிறேன்.

மலையில் தங்கம் இல்லை என்றால், மஸீ, நசுங்கியது எது? அதற்குப் பதில் கிடைத்தால் அவரிடம் சொல்ல எனக்குக் கையில் ஏதாவது இருக்கும். மெஷினுக்கு வரிசை என்றால் சேரின் காலில் விழு. நானும் விழுந்ததாகச் சொல்.

படம் வைத்திருக்கிறேன். அவள் முறைக்கவில்லை, முகமே அப்படித்தான்.

தனு


கண்டி
2025 ஏப்ரல் 4

தனு,

இதைக் கூரியரில் போடுகிறேன். நாளைக்குக் கிடைக்கும். கீழே என் நம்பர் இருக்கிறது. ஆனால் எனக்குக் கோல் எடுப்பதற்கு முன்னால் படித்து முடி, முடித்ததும் செய்ய வேண்டியதைச் செய்.

உன் ஊசிச் சோதனை சரி. அது தங்கம்தான்.

இப்போது மேலே படி. பெருநாள் கழிந்து முதல் நாளே நஸீம் சேர் மெஷினைத் தந்தார். தங்கம் நூற்றுக்கு 91.6. செம்பு ஐந்து சொச்சம். மிச்சம் வெள்ளி. பூமியிலிருந்து வரும் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும். இந்த அளவு செம்பு இருப்பதைக் காண்பது அபூர்வம். 91.6 என்ற எண்ணை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, பெல்மதுளை நகைக்கடைப் பலகையிலேயே எழுதியிருக்கும். எந்த மலையும் இருபத்திரண்டு கரட் என்று சரிபார்த்து அனுப்புவதில்லை.

பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். ஓடையில் உருண்டு வந்த துணுக்கு என்றால் ஓரம் மழுங்கியிருக்கும். இதன் ஒரு பக்கத்தில் வரி வரியாக, சமமான இடைவெளியில், கோடுகள். அரத்தால் ராவிய கோடு. ஒரு கோட்டுக்குள்ளே துளி இரும்பு ஒட்டியிருக்கிறது. சேர் பார்த்துவிட்டு, "மஸீஹா, இது பூமியோட வேல இல்ல, நக செய்யிற பத்தருட வேல," என்றார்.

யாரோ நகையை ராவியிருக்கிறார்கள். அந்தத் தூள் உன் வீட்டுக்காரருடைய சாரத்தின் மடிப்பில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பார். ஆனால் துணுக்கு மண்ணுக்குள்ளேயிருந்து வரவே இல்லை, தனு. ஓடையிலும் இல்லை, மலையிலும் இல்லை. அவர்கள் தேடிப் போவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

நீ எழுதிய இன்னொன்றுக்கு, திரும்பி வந்தது திரும்பப் போய்விடுமோ என்றதற்கு, என்னிடம் மெஷின் இல்லை. எனக்குப் பிள்ளையும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அழுக்குத் துணி அலசின தண்ணீரைச் சுழற்றிக் கழுவி, கடுகில் கால்வாசித் துணுக்கைப் பிடித்தாயே, எங்கள் ஆய்வுகூடத்தில் அதைச் செய்ய ஆள் இல்லை. பிடித்தது உன் கண். அது தங்கமோ தகரமோ, கண் உன்னுடையது. பாறையை விட ஒரு பையனைப் பிடித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கத்திவிட்டு, பிறகு.)

குடத்தை அவர்கள் திரும்ப நகர்த்தி வைக்கட்டும். தண்ணீர் சொட்டும் சுரங்கத்தில் முட்டுக்கட்டை எத்தனை நாள் நிற்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போ.

மஸீ


ஓப்பநாயக்க
2025 ஏப்ரல் 9

மஸீ,

போனில் நான் சொன்னது உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பாதி அழுகை, மீதியில் சிக்னல் இல்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

கூரியர்காரன் வந்தபோது காலை பத்து மணி இருக்கும். படித்து முடித்ததும் முதலில் என் தாலியைப் பார்த்தேன். அப்படியே இருந்தது. பிள்ளையின் தோட்டைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. பிறகு அலுமாரியில் அவருடைய மோதிரம் இருக்கும் டப்பாவை எடுத்தேன். குழிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து கழற்றித்தான் வைத்திருக்கிறார், விரலில் மாட்டிக்கொள்ளும் என்று. வெளிப்பக்கம் ஒரு கீறல் இல்லை. உள்பக்கம் தட்டையாக ராவியிருந்தது. உள்ளே குத்தியிருந்த 916-இல் ஒன்பது மட்டும்தான் மிச்சம்.

இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் துணுக்கைக் காட்டிய அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே முப்பது அடிக்கு மேல் வெட்டியிருக்கிறார்.

அப்போது கூரைத் தகரத்தில் மழை விழுந்தது. பின்னேரம் வர வேண்டிய மழை, காலையிலேயே.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கிருஷ்ணகுமாரி அக்கா வாசலில் நின்று, "ஏய் தனு, எங்க போற? அங்க ஆம்பளைங்க வேல செய்றாங்க! ஏய்!" என்று கத்தியது கேட்டது. வயல் வரப்பில் இரண்டு தடவை வழுக்கியது. விழவில்லை.

சாலி நானா குழி வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

"யா அல்லாஹ்! புள்ள, நீங்க இங்க வர ஏலாதே! கைப்புள்ளயோட வேற! அதுவும் பொம்பளப் புள்ள!"

"ரெண்டு பேரா வந்திருக்கோம் நானா," என்றேன். "இனி இன்னைக்கு யாரும் உள்ள நிக்க முடியாதுல்ல? எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து குழிக்குள் குரல் கொடுத்தார். இவர்களுடைய வழக்கத்தை மீறினால்தான் இவர்களை மேலே ஏற்ற முடியும் என்பது எனக்கு அந்த வரப்பில் ஓடும்போதுதான் தோன்றியது. நான் பாறை, தட்டு, நீர் என்று விளக்கியிருந்தால் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத் திரும்ப இறங்கியிருப்பார்கள். ஒரு பெண் வந்து நின்றது போதும், ஐந்து பேரும் ஏணியில் ஏறி வந்துவிட்டார்கள். எண்ணினேன். ஐந்து. அவர் கடைசியாக வந்தார், தலை முதல் கால் வரை சேறு.

"நான் சொன்னது தப்பு," என்றேன். "மலைக்குள்ள தங்கம் இல்ல. கண்டியில மெஷின் வச்சுப் பார்த்துட்டாங்க. என் தப்புதான். மன்னிச்சுக்கிருங்க."

மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன், ஆனால் ஏணியில் அந்தச் சேற்று முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

இவரோடு இறங்குகிற இராமையா அண்ணன்தான் ஆரம்பித்தார். "ரெண்டு மாசம் மண்ணு சொமக்க வச்சுட்டு இப்ப மன்னிப்பாமே! அங்க நல்ல கல்மண்ண விட்டுட்டு வந்தோம் தெரியுமா? பாதிப் படிப்பு படிச்சவ பேச்சக் கேட்டா இப்படித்தான்!"

"அண்ணே, அவள ஏசாதீங்க," என்றார் இவர். எல்லோரும் திரும்பினார்கள். "அந்தத் தங்கம் என்னுது. பூசை போட்ட அன்னைக்கு வெத்தலைல வச்சுக் குழிக்குள்ள போடணும்னு என் மோதிரத்தக் கொஞ்சம் ராவிப் பொட்டலமா மடியில சொருகிட்டு வந்தேன். மீதி சாரத்துல ஒட்டியிருக்கு. அவ பார்த்தது அதைத்தான்."

சாலி நானாதான் முதலில் சிரித்தார். "பூமிக்குக் கொடுத்தத பொஞ்சாதி துணி தொவச்சு எடுத்திட்டாவே!" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். இராமையா அண்ணன் சிரிக்கவில்லை. இன்றைக்கு வரை எங்களோடு பேச்சில்லை. அவருக்குக் கோபப்பட நியாயம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவர் குளித்து முடித்தார். சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் வெட்டுனீங்களா?"

"முழுசாத் தெரியாது. சந்தேகம் இருந்துச்சு. நீ படிச்சவ, ஒருவேளை மலையிலயும் இருக்குமோன்னும் நெனச்சேன்."

"ஒருவேளையா! மண்ணு சரிஞ்சிருந்தா? ஒங்களோட நாலு பேரு இருந்தாங்களே! மேல இந்த லயம் இருக்கே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"அந்தத் தட்டக் கொண்டாந்து காட்டுன பாரு, அன்னைக்கு நீ சிரிச்ச. ராத்திரி ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கித் தின்ன. அப்புறம் புள்ளையத் தூக்கி, 'நிலு, அம்மா என்ன கண்டுபிடிச்சேன் பாரு'ன்னு சொன்ன." தட்டைத் தள்ளி வைத்தார். "அவ பொறந்ததுல இருந்து அன்னைக்குத்தான் நீ அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்ட. அதுக்கு முந்தி அவ ஒனக்கு வெறும் 'அது'தான். 'அது அழுவுது. அது முழிச்சிருச்சு.' நான் தினமும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். அது என் மோதிரத் தூளுன்னு ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

மஸீ, எனக்கு இது தெரியாது. ஆறு மாதம் என் பிள்ளையின் பெயரை நான் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. தினமும் அவள் மூச்சைக் கேட்டிருக்கிறேன். அவளுடைய ஒவ்வொரு தும்மலையும் ஞாபகம் வைத்திருக்கிறேன். பெயரை மட்டும் காணவில்லை, அது எனக்கே தெரியவில்லை.

அவரைத் திட்டுவதற்கு ஒரு கூடை வைத்திருந்தேன். கொட்டினேன், அதை விட்டுவைக்கவில்லை. "எனக்காக இனி எந்தப் பொய்யும் மண்ணுக்குள்ள போயி சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டு, பிசைந்த சோற்றை அவர் வாயில் நானே வைத்தேன். சாப்பிட்டார். காரம் கூட என்றார். கூடத்தான்.

சுரங்கத்தின் வாயை நேற்று மண் கொட்டி அடைத்தார்கள். மறுபடி பூசை போட்டு, ஓடைப் பக்கம் கல்மண்ணுக்குத் திரும்பியிருக்கிறார்கள். இந்த முறை தேங்காயும் பழமும் மட்டும். மூன்று நாளாக நல்ல மழை. மலை ஓர் அங்குலம்கூட அசையவில்லை. சரிந்திருந்தால் இன்ஜினியர் நோனா உயிரைக் காப்பாற்றினாள் என்றிருப்பார்கள். சரியாததால் நான் வேலையைக் கெடுத்தவள். பைப்படியில் எனக்கு யாரும் இடம் விடுவதில்லை. வரிசையில் நிற்கிறேன். சரிந்து என்னை நிரூபிக்க வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு மழைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

வருடப் பிறப்பு கழிந்து வரும் வியாழக்கிழமை தோட்டத்துக் கிளினிக்குக்கு மிட்வைஃப் வருகிறார். ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் எடையை எழுதிவிட்டு, "அம்மா எப்படி?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன் மிஸ்" என்று சொல்லி எழுந்துவிடுவேன். கேட்பதற்கு அவருக்கு அரை நிமிடம், எழுவதற்கு எனக்கு அதைவிடக் குறைவு. இந்த முறை நிலுவை அவர் மடியில் கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியை விட்டு எழாமல் இருக்கப் போகிறேன்.

தனு